மண் நீங்கலாக

நான் என்பது ஓர் ஆறு.
நான் என்பது அது ஓடும் மாகாணமும்தான்,
தாய்லாந்தின் வடக்கு விளிம்பில்
லாவோஸ் மலைகள் மாலையில் நீலமாகும் இடம்.
பதினான்கு வருடமாகக் கடித உறைகளின் பின்பக்கம்
மெட்கா எழுதிவந்த சொல்.

கோபர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள்.
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
யாருடையதோ ஒரு சரக்கை
யாருடையதோ ஒரு கப்பலிலிருந்து
யாருடையதோ ஒரு லாரிக்கு மாற்றியவள்.
கீழே வெல்டிங் முகமூடியோடு நின்றவன் இந்தா.
இந்திரனின் பெயர்
வடக்கத்தி வாய்களில் அப்படித் தேய்ந்திருந்தது.
முகமூடியைத் தூக்கி அவன் அண்ணாந்து பார்த்த நாளில்
ஒரு கண்டெய்னர் இரண்டு நிமிடம்
அந்தரத்தில் நின்றது.

நிலம் வாங்கிய அன்று
பத்திர அலுவலகத்தில் தனியாக ஒரு தாள் நீட்டினார்கள்:
இந்தப் பணம் முழுக்க என் கணவருடையது,
எனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை.
பணம், பதினோரு குளிர்காலத்து இரவு ஷிப்ட்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.
வெளியே வந்து சுட்ட வாழைப்பழம் தின்றார்கள்.
இருபது பாட்.
அதையும் அவள்தான் கொடுத்தாள்.

அறுவடை முடிந்த வாரத்தில்
மோட்டார் பம்புக்குப் பக்கத்தில் விழுந்தவன் எழவில்லை.
நூறாம் நாள் பிக்குகளுக்குச் சோறிட்டாள்.
மறுநாள் அதே அலுவலகம், வேறு குமாஸ்தா.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
வீடு உங்களுக்கு.
தூண், ஓடு, ஆணி, படிக்கட்டு எல்லாமே.
மண் நீங்கலாக.
மண்ணை ஓராண்டுக்குள் விற்றுவிட வேண்டும்,
இந்த நாட்டவர் யாருக்காவது.

வீட்டுக்கு இருபது கால்கள்.
அன்றிரவு டார்ச்சோடு கீழே குனிந்து
ஒவ்வொரு தூணும் தரையைத் தொடும் இடத்தைப் பார்த்தாள்.
எந்த அங்குலத்தில் முடிகிறாள் அவள்?
ஏழாவது தூணில் கறையான் புற்று,
மண்தான், ஆனால் மரத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது.
இது யாருடையது என்று
அந்தக் குமாஸ்தாவைக் கேட்டிருக்க வேண்டும்.

தூக்கிவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள்.
தேக்கு. ஒன்பது டன் இருக்கும்,
ஓடுகளைக் கழற்றினால் ஏழு.
பெரிய கிரேன் ஒன்று, நாலு பட்டை, காற்றில்லாத ஒரு காலை.
தூக்கலாம்.
வைக்கத்தான் இடமில்லை.

சியாங் மாயிலிருந்து வந்த ஹோட்டல்காரர்
தூண்களைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை.
இன்னொருவர் தொலைபேசியில் வயதைக் கேட்டார்.
மரத்தின் வயதையா என்றாள். பதில் வரவில்லை.

பதினோராவது மாதம்
புவாபட் வந்தாள், இந்தாவின் தங்கை.
பதினான்கு வருடத்தில் ஒருமுறையும்
மெட்காவைப் பெயர் சொல்லி அழைக்காதவள்.
இரண்டு மாடு விற்ற பணம், கூட்டுறவுக் கடன் கொஞ்சம்,
பால்மாவு டின்னில்.
படிக்கட்டில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்:
கீழே நான் மிளகாய் போடுவேன்.
மேலே நீ இரு.

குத்தகை எத்தனை வருடம் என்றார் குமாஸ்தா.
அதிகபட்சம் எவ்வளவு என்றாள் புவாபட்.
முப்பது.
அவ்வளவுதானா என்று முகம் சுளித்தாள்.
மெட்காவுக்கு அறுபத்து மூன்று.
விரல் விட்டு எண்ணிய குமாஸ்தா
ஒன்றும் சொல்லாமல் முத்திரையைக் குத்தினார்.

பத்திரத்தின் தலையில் சிவப்புக் கருடன்.
மடிப்பில் இந்தாவின் எண்ணெய் விரல் ஒன்று.
நன்றி சொல்ல அந்த ஊர்ப் பேச்சில்
அவளுக்கு மூன்று வார்த்தை தெரியும்,
மூன்றும் அந்த நேரம் பார்த்து எங்கோ போயிருந்தன.
நாத்தனாரின் கையில் காகிதத்தை வைத்தபோது
வாயில் வந்தது அவன் பெயர்தான்:

இந்தா.